பயோவா, ஆர்ட்ஸா, நானூறு மீற்றரா?

கேள்வி: மண்டூரிலிருந்து எழுதுகிறேன். வயது 17. ஓ.எல். பெறுபேறு 5 ஏ, 2 பி, 2 சி. விஞ்ஞானத்தில் ஏ, கணிதத்தில் சி. 400 மீற்றர் ஓடுகிறேன். போன வருடம் மாகாணப் போட்டியில் மூன்றாம் இடம், நேரம் 60.8 செக்கன். விளையாட்டு சேர் ஆர்ட்ஸ் எடுக்கச் சொல்கிறார். பயோ எடுத்தால் பயிற்சிக்கு நேரமே இருக்காதாம். அம்மா பயோதான் என்று நிற்கிறா. ரியூசன் களுவாஞ்சிகுடியில், பாதையில் போய் வரவேண்டும். கனடாவில் இருக்கும் மாமா, ஓடுகிற பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் கெம்பஸ் சும்மா கிடைக்கும், ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பு என்கிறார். அப்பா ஒன்றும் சொல்கிறார் இல்லை, இது வேளாண்மை வெட்டு நேரம். எனக்கு ஓடவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். எதை எடுப்பது? இன்னொன்று: வேகமாக ஓடினால் அடுத்த நாள் தொடை வலிக்கிறது. லக்ரிக் அமிலம் என்று சேர் சொல்கிறார். அது அடுத்த நாள் வரைக்கும் தசைக்குள்ளேயே இருக்குமா?

பதில்:

மகள், உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி மற்றவர்கள் சொன்ன கதை. சேர் சொன்னார், அம்மா சொன்னா, மாமா சொன்னார். உங்களுடைய சொந்தக் கேள்வி கடைசி வரிகளில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சேரில் இருந்து தொடங்குவோம். ஏனென்றால் அந்தக் கதை எனக்கு நன்றாகவே தெரியும். நானும் ஒரு காலத்தில் கரப்பந்தாட்டக்காரி. ஓ.எல். முடித்த கையோடு ஒரு பெரிய பாடசாலை என்னை ஊரில் இருந்து கூட்டிக்கொண்டு போனது. விடுதி, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் அவர்கள் செலவு. என்ன படிக்க விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பில் எங்கே கதிரை காலியாக இருந்ததோ அந்த மூன்று பாடத்துக்கு என் பெயரை எழுதினார்கள். நானும் வாய் திறக்கவில்லை, எனக்கு அப்போது பந்துதான் எல்லாம். அடுத்த வருட நடுவில் எங்கள் கோச்சுக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவருக்கு வேறு விளையாட்டில் பிரியம். ஆறு மாதத்துக்குள் எங்கள் வலையைக் கழற்றிச் சுருட்டிக் களஞ்சிய அறையில் போட்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது நான் கேட்காத மூன்று பாடம். முதல் தடவை பெறுபேறு எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வேறு பாடம் எடுத்து இரண்டாம் தடவை எழுதித்தான் கெம்பஸ் போனேன்.

அந்தக் கோச்சோடு எனக்குக் கோபம் இல்லை. அரசாங்க ஆசிரியர் என்றால் இடமாற்றம் வரத்தான் செய்யும். உங்கள் சேரும் நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பிள்ளையை மாகாணப் போட்டி வரை கொண்டுபோய் நிறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஓட்டத்தைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். பாடத்தைப் பற்றிச் சொன்னால் மட்டும், "சேர், நீங்கள் இன்னும் எத்தனை வருடம் இங்கே இருப்பீர்கள்?" என்று மரியாதையாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

சரி, அவர் சொல்லும் நேரக் கணக்குக்கு வருவோம். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து வாரத்தின் ஏழு நாளையும் கட்டம் போடச் சொல்வேன். உங்களுக்காக நானே போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணித்தியாலம். நித்திரை நாளுக்கு 8 என்று 56. அதில் கை வைக்க வேண்டாம், ஓடுகிற உடம்பு தன்னைத் திருத்திக்கொள்வது அந்த நேரத்தில்தான். பாடசாலை காலை ஏழரை முதல் ஒன்றரை வரை, ஐந்து நாளைக்கு 30. மூன்று பாட ரியூசன் 14. பஸ், நடை, குருமண்வெளிப் பாதைக்குக் காத்து நிற்பது எல்லாம் சேர்த்து 10. (வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் ஆளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்று பெயர்.) பயிற்சி ஐந்து நாள், நாளுக்கு இரண்டு என்று 10. கூட்டினால் 120. மிச்சம் 48. குளிப்பு, சாப்பாடு, வீட்டு வேலை, கோயில், போன் என்று அதில் பாதி போனாலும் தனியே குந்திப் படிக்க 24 மணித்தியாலம் இருக்கிறது. பயோ படிக்கிற, ஓடவே ஓடாத பல பிள்ளைகள் வாரத்துக்கு அவ்வளவு நேரம் உண்மையில் படிப்பதில்லை. நான் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே நேரம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் ஓர் இடத்தில் இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பின்னேரம் மூன்றில் இருந்து ஆறு மணி வரை. ரியூசனும் அந்த நேரம், மைதானமும் அந்த நேரம். சேர் நேரமில்லை என்று சொல்வது இந்த மூன்று மணித்தியாலத்தை. ஆர்ட்ஸ் எடுத்தாலும் இந்த இழுபறி தீராது. ஆர்ட்ஸ் பிள்ளைகளும் ரியூசனுக்குப் போகிறார்கள்தானே?

இதற்கு வழி ஓட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 400 மீற்றர் ஓடுபவர் ஐந்து நாளும் உயிரைக் கொடுத்து ஓடக்கூடாது. கடும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். மற்ற நாட்களில் மெதுவோட்டம், கால் பயிற்சி, வயிறு இடுப்புக்கான பயிற்சி. இதற்கு மைதானமும் வேண்டாம், ஸ்பைக்ஸும் வேண்டாம், வீட்டு முற்றமே போதும். அப்படியென்றால் சேர் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க நீங்கள் மைதானத்தில் இருக்கவேண்டியது மூன்று நாள். இரண்டு வார நாளும் சனி அல்லது ஞாயிறு காலையும் போதும். ரியூசனை மற்ற நாட்களுக்குப் பார்த்து எடுங்கள். ஒரே பாடத்துக்கு வேறு நாளில் இன்னொரு வகுப்பு களுவாஞ்சிகுடியில் கிடைக்காமல் போகாது. அந்த மாஸ்டர் கொஞ்சம் பெயர் குறைந்தவர் என்றால் இருக்கட்டும். விடியற்காலையில் ஓடுவதென்றால் அப்பாவோ அண்ணனோ கூட வரவேண்டும், இருட்டில் தனியே ரோட்டில் ஓட வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு மணி வெயிலில் மைதானத்துக்கு இறக்கினால் நான் சொன்னேன் என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

இனி, விளையாட்டால் கெம்பஸ் கிடைக்கும் என்ற பேச்சு. கிடைக்கும், பொய் இல்லை. எப்படி என்றுதான் ஊரில் ஒருவரும் விளங்கப்படுத்துவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, படிப்பு தவிர்ந்த துறைகளில் திறமை காட்டியவர்களுக்கு என்று ஒவ்வொரு பாடநெறியிலும் அரை வீதம் வரை இடம் ஒதுக்குகிறது. அரை வீதம் என்றால் 200 பேர் எடுக்கும் பாடநெறியில் ஓர் இடம். விளையாட்டுக்காரர் மட்டுமில்லை, கலை, கலாசாரத் துறைக்காரரும் அந்த ஒன்றுக்கு நிற்பார்கள். தேசிய, சர்வதேச மட்டச் சாதனைகளைத்தான் பார்ப்பார்கள். மாகாணத்தில் மூன்றாம் இடம் வீட்டுச் சுவரில் மாட்ட நல்ல சான்றிதழ். இந்த வரிசையில் அதற்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏ.எல். எழுதி ஆகக் குறைந்த தகைமையையாவது பெற்றிருக்கவேண்டும். மெடல் வந்தால் படிப்பைக் கைவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

விளையாட்டையே பட்டமாகப் படிக்கவும் வழி இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும் விளையாட்டு விஞ்ஞானமும் படிக்கலாம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் இருக்கிறது. ஏ.எல். பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, செயன்முறைத் தேர்வும் வைப்பார்கள். விண்ணப்பம் கோருகிற அறிவித்தலைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். படிப்பு ஆங்கிலத்தில். ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஆகவே அதில் சி என்றே வைத்துக்கொள்கிறேன். எந்தப் பிரிவு எடுத்தாலும் இந்த இரண்டு வருடத்தில் அதைச் சரிப்படுத்தியே ஆகவேண்டும்.

வேலை என்று பார்த்தால் முப்படையும் பொலிசும் ஓடுபவர்களை எடுக்கின்றன. தேசிய மட்ட மெய்வல்லுநர் போட்டிகளில் மெடலில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான் போகிறது. சில வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் அணிக்காக ஆள் எடுக்கும். அதெல்லாம் பத்தொன்பது, இருபது வயதுக்கு மேல் யோசிக்கவேண்டிய விஷயம்.

உங்கள் 60.8 பற்றி நேராகவே பேசுவோம். பெண்களுக்கான 400 மீற்றரில் தமயந்தி தர்ஷா 2000ஆம் ஆண்டில் 51.05 செக்கனில் ஓடினார். உங்கள் மாகாணப் போட்டி ஓட்டத்தில் அவரும் பக்கத்துக் கோட்டில் ஓடியிருந்தால், அவர் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது உங்களுக்கு இன்னும் 64 மீற்றர் ஓட இருந்திருக்கும். மனம் உடைய வேண்டாம். அந்த ஓட்டத்தின்போது அவருக்கு வயது 25. அதே வருடம் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் பதக்கம் எடுத்த சுசந்திகா ஜயசிங்கவுக்கு 24. பதினேழு வயதில் ஏ.எல். படித்ததால் கால் தேய்ந்துவிடாது. கெம்பஸ் போய் இருபது, இருபத்திரண்டு வயதிலும் ஓடலாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையே போட்டி இருக்கிறது, தேசியப் போட்டியும் இருக்கிறது. "இப்போது விட்டால் எப்போதும் இல்லை" என்று மைதானத்தில் சொல்வார்கள். 400 மீற்றருக்கு அது பொருந்தாது.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. அகில இலங்கைப் பாடசாலைப் போட்டியில் உங்கள் வயதுப் பிரிவில் கடந்த இரண்டு வருடமும் முதல் மூன்று இடம் எடுத்தவர்களின் நேரத்தைச் சேரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கீழே உங்கள் நேரத்தை மாதத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டு வாருங்கள். இடைவெளி சுருங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை எவருடைய பேச்சையும் நம்பாமல் நீங்களே பார்க்கலாம்.

மாமாவுக்கு நான் சொல்வதாக வட்ஸ்அப்பில் இதை அனுப்புங்கள். அமெரிக்காவில் விளையாட்டுப் புலமைப்பரிசில் உண்டு. அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் முதலாம், இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் அதைக் கொடுக்கின்றன, மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காகப் பணம் இல்லை. ஓட்டக்காரருக்குக் கிடைப்பது பல நேரம் முழுச் செலவு இல்லை, அதில் ஒரு பங்குதான். அங்குள்ள கோச்மார் முதலில் கேட்பது அதிகாரபூர்வப் போட்டி நேரத்தை. வீடியோ பிறகு. 60.8 என்று எழுதினால் பதில் வராது. அங்கே போனாலும் படிப்பில் இருந்து தப்ப முடியாது. முதலாம் பிரிவில் ஓடுபவர் இரண்டாம் வருட முடிவுக்குள் பட்டத்தின் 40 வீதத்தை முடித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் களத்தில் இறங்க விடமாட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பொறாமை. எதில் பட்டம் எடுப்பது என்று முடிவுசெய்ய அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வருடம் வரை தவணை இருக்கிறது. நாங்கள் ஓ.எல். பெறுபேறு வந்து சில வாரத்தில் பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்கிறோம். இடையில் எந்த ஏஜென்சியாவது "இடம் எடுத்துத் தருகிறோம், முற்பணம் கட்டுங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

அம்மா பயோ என்று சொல்லும்போது மனதில் டொக்டர் என்று வைத்திருப்பா, எல்லா அம்மாமாரையும் போல. அதைக் கொஞ்சம் அகலமாக்கிக் காட்டுவது உங்கள் பொறுப்பு. பயோ படித்தவருக்கு கொழும்பிலும் பேராதனையிலும் இயன்மருத்துவப் பட்டம் இருக்கிறது. விளையாட்டு வீரரின் பிசகிய காலை மறுபடி ஓடவைக்கிற படிப்பு அது. எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியர் பட்டம், வந்தாறுமூலையில் விவசாயமும் விஞ்ஞானமும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கணிதத்தில் சி என்பதை மறைத்துப் பேச மாட்டேன். பௌதிகவியலில் அது காலைப் பிடித்து இழுக்கும். பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கலாம், ஆனால் மருத்துவத்துக்கான கதவு அன்றே பூட்டிவிடும், மற்றப் பாடநெறிகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைக்கவேண்டும். வகுப்பு தொடங்குமுன் சமன்பாடு, வரைபு, திரிகோண கணிதம் மூன்றையும் யாரிடமாவது திரும்பப் படியுங்கள். முதல் இரண்டு தவணைச் சோதனையில் இரசாயனமும் பௌதிகமும் கொஞ்சமும் ஏறவில்லை என்றால் பிரிவு மாறுங்கள். உயிர்முறைமைகள் தொழினுட்பம் இருக்கிறது, ஆர்ட்ஸ் இருக்கிறது. பாடத்தில் விருப்பம் வந்து ஆர்ட்ஸ் எடுப்பது நல்ல முடிவு. லேசாம் என்று கேள்விப்பட்டு எடுப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஒரு பெண்ணாக இதையும் சொல்லவேண்டும். ரியூசன், பாதை, மைதானம் என்று ஓடும்போது முதலில் விடுபடுவது சாப்பாடு. மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்றால் "பயிற்சி நேரத்தில் அப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி, டொக்டரிடம் போங்கள். படியேற மூச்சு வாங்குகிறது, ஓடி முடிக்கும் நேரம் காரணமில்லாமல் கூடுகிறது என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மீன், கீரை, பயறு நன்றாகச் சாப்பிடுங்கள். சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது தடை.

எதை எடுப்பது என்று கேட்டீர்கள். நான் பயோ என்கிறேன். அம்மா சொன்னதற்காக இல்லை, உங்கள் கடைசி வரிக்காக. சேர் லக்ரிக் அமிலம் என்றார், நீங்கள் தலையாட்டிவிட்டு வந்து, அது அடுத்த நாள் வரைக்கும் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடுகிற பிள்ளைகள் நூறு பேர் அந்த விளக்கத்தைக் கேட்டிருப்பார்கள். இப்படித் திருப்பிக் கேட்டு எனக்கு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் சந்தேகம் சரி. இருக்காது. ஓடும்போது தசையில் சேரும் லக்ரேற்று, ஓடி முடித்து ஒரு மணித்தியாலம் அளவில் பெரும்பாலும் நீங்கிவிடும். இருதயமும் மற்றத் தசைகளும் அதை எடுத்து எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்ளும், ஈரல் அதைக் குளுக்கோசாக மாற்றும். அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் வருகிற வலி, பழக்கத்துக்கு மீறி வேலை வாங்கியதால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைத் திருத்த உடம்பு செய்யும் வேலையும். தசை இழை எப்படிச் சுருங்குகிறது என்று ஏ.எல். உயிரியலில் ஒரு பகுதி வரும். மேல் வகுப்பு அக்கா யாரிடமாவது அந்தப் புத்தகத்தை வாங்கி, இந்தச் சனிக்கிழமை பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசித்துப் பாருங்கள். வாசித்துவிட்டுச் சேருக்கும் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்.